குடை வண்டியின் மேல்துணி

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம் காட்டாதீர்கள். படித்து முடித்ததும், சாமை மூட்டைக்குப் பின்னால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் எஸ்தர் நர்சுக்கு இரங்கல் கூட்டம். ஒன்பதாம் வகுப்பு சார்பாக நான் எழுதி வாசிக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதை மாலையிலேயே எழுதிவிட்டேன். ஒரு பக்கம் வந்தது. 'தன்னலமற்ற சேவை' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. திரும்பப் படித்துப் பார்த்தேன். எந்த ஊர் நர்சுக்கு வேண்டுமானாலும் அதை வாசிக்கலாம். எங்கள் நர்சம்மாவை அதில் காணவில்லை. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன். அப்பா ஊர்த் தலைவர் நாட்டார் வீட்டுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அம்மாவும் அண்ணனும் காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் நானும் சிம்னி விளக்கும்தான்.

செய்தி செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில் வந்தது. ஜீப் ஓட்டும் கோவிந்தண்ணன் நனைந்த சட்டையோடு வந்து தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் நீளமாக மணி அடித்தது. லீவு என்று நினைத்துப் பையன்கள் கத்தினார்கள். நானும் சந்தோஷமாகத்தான் கணக்குப் புத்தகத்தை மூடினேன். வெளியே வந்தபோது கோவிந்தண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கொட வண்டி கவுந்துடுச்சு சார். ஏழாவது வளைவுல. ஒரு புள்ளத்தாச்சிய கீழ ஆஸ்பத்திரியில சேத்துட்டு மழையில தனியா வந்திருக்காங்க. நர்சம்மா பூட்டாங்க சார்."

பெண்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நான் கோவிந்தண்ணன் பக்கத்தில் போய், "மேல்துணி இன்னா ஆச்சுண்ணா?" என்று கேட்டேன்.

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். "மனுசி செத்துட்டாங்கன்றேன், நீ துணிய கேக்கற?" என்றார். பிறகு அவரே குரலை இறக்கி, "முன்னாடி பக்கம் பிச்சிக்கினு உள்ள விழுந்து கெடந்துச்சு. அவங்க மூஞ்சி மேலயே" என்றார்.

நான் ஏன் அதை முதலில் கேட்டேன் என்று அவர் இன்னும் யோசிக்கவில்லை. என்றைக்காவது யோசிப்பார்.

குடை வண்டி என்பது நாங்கள் வைத்த பெயர். முன்னால் இங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தன் ஊருக்குத் திரும்பும்போது நர்சம்மாவிடம் விட்டுப்போன பழைய கார் அது. இரண்டே கதவு. மேலே தகரம் கிடையாது. மூன்று மர வில்களின்மேல் துணியை இழுத்து, முன்கண்ணாடிக்கு மேலுள்ள மரச்சட்டத்தில் ஆணி அடித்திருப்பார்கள். அந்தச் சட்டத்தின் கொக்கிகளை விடுவித்தால் வில், துணி எல்லாம் மடிந்து பின்னால் போய்விடும். குடையை மடக்குகிற மாதிரிதான்.

போன வருஷம் என் சின்ன அத்தைக்குப் பிரசவ வலி கண்டபோது நானும் அந்த வண்டியில் போனேன். அத்தை பின்சீட்டில் என் மடியில் தலை வைத்திருந்தார். நர்சம்மா மேல்துணியை மடக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். நர்சம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "கத்துடி. மலைதானே கேக்குது, உன் மாமியாரா கேக்கறா? மூடி வச்சிக்கினு நீ கத்தினா என் காது பூடும். அதுக்குத்தான் தெறந்து வச்சிருக்கேன்." அத்தைக்கு வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் இரண்டு வளைவு முழுக்கக் கத்தினார். நர்சம்மாவும் கூடவே கத்தினார். குழந்தை கீழே போய்ச் சேருவதற்கு முன்பே, சாலை ஓரத்துப் பலாமரத்தடியில் பிறந்தது.

அந்த வண்டியின் மேல்துணி நான் பார்த்த நாள்முதல் கிழிசல்தான். ஒட்டுமேல் ஒட்டு. மழை வந்தால் நர்சம்மா ஓட்டிக்கொண்டே ஒரு கையால் அலுமினியக் கிண்ணம் வைத்து ஒழுகலைப் பிடிப்பார். இந்தத் தை மாதத்தில் வாணியம்பாடியிலிருந்து காதர் பாய் மேலே வந்திருந்தார். மலையில் ஓடும் ஜீப்புகளுக்கெல்லாம் கித்தான் என்கிற முரட்டுத் துணியில் மேல்கூரை போடுகிறவர் அவர்தான். நர்சம்மா கூப்பிட்டு வண்டியைக் காட்டினார். சந்தைக்கு வந்த கூட்டம் பாதி அங்கேதான் நின்றது. பாய் செய்தித்தாளை நீளமாகக் கிழித்து வில்மேல் போட்டு அளவு எடுத்தார். சாக்பீஸால் குறி போட்டார். கூட்டம் கலைந்த பிறகு, "அம்மா, வண்டிய பதினஞ்சு நாள் என்கிட்ட வுடணும்" என்றார்.

"பதினஞ்சு நாளா? தைக்க ரெண்டு நாள் ஆவுமா பாய்?"

"தைக்க ரெண்டு நாள்தான். கித்தான வில்லுமேல போட்டு நனைக்கணும். சுருங்கும். காயவுட்டு மறுபடி இழுக்கணும். மறுபடி நனைக்கணும். அது சுருங்கி முடிஞ்சப்புறம்தான் ஆணி. அவசரப்பட்டா மழையில அதுவே ஆணிய புடுங்கிடும்."

"பதினஞ்சு நாள் இந்த மலையில யாரும் புள்ள பெத்துக்காதீங்கன்னு தண்டோரா போட சொல்றீங்களா?"

பாய் சிரித்தார். "அது உங்க டிபார்ட்மெண்டு. நனைக்கறது என் டிபார்ட்மெண்டு" என்றார்.

இதைக் கேட்டவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. புரியவும் புரிந்தது.

பாய் போன பிறகு நர்சம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "அனுப்பிடலாம்னுதான் தோணுது மல்லி. மாசியில யாருக்கும் பிரசவ நாள் இல்ல. வேலை தெரிஞ்சவரு கையில குடுத்துடறதுதான் சரி" என்றார்.

"நாமளே தைச்சிடலாங்க" என்று சொன்னது நான்.

ஏன் சொன்னேன் என்பதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். வண்டி இல்லாத பதினைந்து நாளும் அவர் வேலூரில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. அப்பா பேசினால், "தண்ணி எடுத்தியா?", "மாடு கட்டினியா?", அவ்வளவுதான். பள்ளி விட்டதும் நான் நர்சம்மா குவார்ட்டர்சுக்குப் போவேன். போகக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். என்னைப் பெரிய அத்தை மகனுக்குக் கட்டி வைப்பதாகப் பேச்சு எடுத்தபோது நர்சம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவைத் திட்டினார். "பத்தாவது முடிக்கட்டும்யா. அதுக்குள்ள இன்னா அவசரம், வூடு பத்தி எரியுதா?" என்று ஊர் கேட்கத் திட்டினார். பேச்சு நின்றது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பக்கம் காலை வைத்தால் படிப்பும் நின்றுவிடும் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். நர்சம்மாவிடம், அப்பா வரச் சொன்னதாகப் பொய் சொன்னேன்.

நான் போனதும் அவர் முதலில் ஒரு கரண்டி குழம்பை என் உள்ளங்கையில் ஊற்றுவார். "உப்பு பாத்து சொல்லு. தனியா துன்றவங்களுக்கு உப்பு தெரியாது மல்லி. கொறஞ்சாலும் துன்னுடுவோம், கரிச்சாலும் துன்னுடுவோம்" என்பார். எனக்குப் பதினைந்து நாள் அந்தக் கதவு பூட்டிக்கிடப்பதை நினைக்கவே முடியவில்லை. தைக்க ஆரம்பித்தால் ஒரு மாதம் தினமும் போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

நர்சம்மா தயங்கினார். "நனைச்சு நனைச்சு இழுக்கணும்னு சொன்னாரே பாய்?"

"நம்ம கொங்காடைக்கு தேன்மெழுகு தேய்க்கறோமில்லங்க? சொட்டுத் தண்ணி எறங்காது. தண்ணியே ஏறலன்னா துணி எப்டி சுருங்கும்? அப்புறம் எதுக்கு நனைக்கணும்?" என்றேன்.

மழையில் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொள்ளும் சாக்குக் கொங்காடைக்கு நாங்கள் மெழுகு தேய்ப்பது நிஜம்தான். அதை யாரும் இழுத்து ஆணி அடிப்பதில்லை. அது சுருங்கினாலும் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. நர்சம்மாவுக்கும் தோன்றவில்லை. "அட, ஆமாண்டி!" என்று என் தலையில் தட்டினார். அந்தத் தட்டு கிடைத்ததற்காக அன்று இரவெல்லாம் சந்தோஷமாக இருந்தேன்.

கித்தானைத் திருப்பத்தூரிலிருந்து வாங்கி வந்தார். பழைய துணி வண்டியின்மேலேயே இருக்க, அதை அளவாக வைத்து வெட்டினோம். குவார்ட்டர்சுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கோணி ஊசியால் தைத்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வேலை தெரியாது. முதல் வாரம் தைத்ததை இரண்டாவது வாரம் பிரித்தோம். பிரசவத்தில் தையல் போடுகிற கைதான் என்றாலும் நர்சம்மாவுக்குக் கித்தான் அடங்கவில்லை. "இது வாயத் தெறந்து கத்தவும் மாட்டேங்குது, எங்க வலிக்குதுன்னு தெரிய மாட்டேங்குது" என்று ஊசியைத் திட்டுவார். நான் சிரிப்பேன். அவர் சில நாள் எதுவும் பேசமாட்டார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், நடுவில் துணி. அந்த மாதம் முழுக்க எனக்கு வீட்டு ஞாபகமே வரவில்லை.

பின் ஜன்னலுக்குக் கண்ணாடித்தாள் கிடைக்கவில்லை. கீழே ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பெரிய எக்ஸ்ரே படங்களை நர்சம்மா வாங்கி வந்தார். சுடுதண்ணீரில் சோடாமாவு போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு கரைந்து, லேசான நீல நிறத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஒரு படத்தில் மட்டும் விலா எலும்புகளுக்கு நடுவே இருந்த கறுப்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "யாரு நெஞ்சோ, இன்னா புடிவாதம் பாரு" என்றார். பிறகு அதையே வைத்துத் தைத்தோம். வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் நான்கு விலா எலும்பு தெரியும்.

ஒரு சனிக்கிழமை பழையதைக் கழற்றி, மெழுகு தேய்த்த புதியதை மாட்டினோம். சுருக்கம் விழாமல் இருக்க நான் வில்மேல் ஏறி உட்கார்ந்து இழுத்துப் பிடித்தேன். நர்சம்மா முன்சட்டத்தில் முப்பத்திரண்டு ஆணி அடித்தார். விரலால் தட்டினால் பறை மாதிரி சத்தம் வந்தது. அவ்வளவு இறுக்கம் தப்பு என்று தெரியாமல் இரண்டு பேரும் மாறி மாறித் தட்டிப் பார்த்தோம்.

மறுநாள் தடுப்பூசி. பெண்கள் குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறியதும் மெழுகு இளகியது. அது நான் தேனடையிலிருந்து புதிதாகப் பிழிந்தது. சரியாகக் காய்ச்சாததால் தேன் மிச்சம் இருந்திருக்கிறது. பத்து மணிக்கு நான்கு தேனீ வந்தது. பதினொரு மணிக்கு வண்டி கறுப்பாகிவிட்டது. ஊசி மருந்துப் பெட்டியை எடுக்க உள்ளே ஏறிய நர்சம்மா வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார். பெண்கள் ஓடினார்கள். கோவிந்தண்ணன் பச்சிலைப் புகை போட்டுக்கொண்டே, "நர்சம்மா, ஊசி போடறது அவங்க டூட்டி ஆயிடுச்சு, நீங்க எறங்குங்க!" என்று கத்தினார். உள்ளே அவர் விழுந்து விழுந்து சிரிப்பது அந்த எலும்பு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

புகைக்குப் பிறகு கூட்டம் திரும்பியது. அதில் என் அப்பாவும் இருந்தார். "யாரு இப்டி மெழுகு பூசி தைச்சது?" என்று யாரோ கேட்டார்கள். நான் அப்பாவைப் பார்த்து நடுங்கியதை நர்சம்மா கவனித்துவிட்டார். ஒரு நொடிதான். "எல்லாம் வாணியம்பாடி வேலை" என்றார் சிரித்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். பாய் தேனில் தைத்தார் என்று ஊரெல்லாம் பேச்சானது.

அன்று மாலை அவர் எனக்கு உப்புப் பார்க்கக் குழம்பு ஊற்றவில்லை. "உங்கப்பாகிட்ட நீ சொல்லவே இல்லயா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குழம்புச் சட்டியை மூடிவிட்டு, "உன்ன காப்பாத்தறேன்னு பாய் பேர இழுத்துட்டேன். அது தப்பு. அவரு மேல வரும்போது நானே எல்லார் முன்னாடியும் சொல்லிடணும்" என்றார். பாய் அதற்குப் பிறகு மலைக்கு வரவில்லை. வந்தது இந்த வியாழக்கிழமைதான்.

சித்திரை வெயிலில் மெழுகு முழுக்க உருகி வழிந்துவிட்டது. ஆனிக் கடைசியில் முதல் பெரிய மழை பெய்தது. மறுநாள் நான் போனபோது நர்சம்மா இல்லை. வண்டி ஷெட்டில் நின்றது. துணி இன்னும் இறுக்கமாக இருந்தது. முன்சட்டத்தின் இடதுபக்க மூலையில் நான்கு ஆணி பாதி வெளியே வந்திருந்தது. துணியில் ஆணி இருந்த ஓட்டைகள் சட்டைப் பொத்தான் காஜா மாதிரி நீளமாகியிருந்தன.

பாய் சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. நர்சம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே வண்டி வாணியம்பாடிக்குப் போகும் என்பதும் தெரிந்தது. அவர் வேலூருக்குப் போய்விடுவார். தைத்தது வீண் என்று ஆகிவிடும். நான் ஒரு கல்லை எடுத்து நான்கு ஆணியையும் அதே ஓட்டையில் தட்டி இறக்கினேன். மேலே மெழுகைத் தேய்த்து மறைத்தேன்.

அடுத்த மழைக்குப் பிறகு ஏழு ஆணி. அதையும் தட்டி இறக்கினேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர், "வேகமா போனா முன்னாடி துணி ஒரு மாதிரி பாடுது மல்லி. வுர்ருன்னு" என்றார். "புதுத் துணிங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னேன். அவர் நம்பினார். என்னை அவர் எதற்கும் சந்தேகப்பட்டதில்லை.

துணி முதலில் பிய்ந்து அதனால் வண்டி கவிழ்ந்ததா, வண்டி கவிழ்ந்து அதனால் துணி பிய்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இனிமேலும் தெரியாது. இரண்டில் எது என்று படுத்தால் யோசிக்கிறேன், எழுந்தால் யோசிக்கிறேன். கேட்பதற்கு ஒரு ஆள்கூட இல்லை. கேட்கலாம் என்று இருந்த ஒருவரும் அவர்தான்.

வியாழக்கிழமை காதர் பாய் செய்தி கேட்டு மேலே வந்தார். நர்சம்மாவின் கல்லறையில் மண்ணைத் தொட்டுவிட்டு, ஜீப்பில் கட்டி இழுத்து வந்து போட்டிருந்த வண்டியைப் பார்க்கப் போனார். அங்கே ஆண்கள் கூட்டமாக நின்றார்கள்.

அப்பாதான் ஆரம்பித்தார். "யோவ் பாய், எப்டிய்யா தைச்ச நீ? ஒரு மழைக்கு தாங்கல."

பாய் கிழிந்த துணியின் ஓரத்தை எடுத்துத் தையலை விரலால் தடவினார். பின் ஜன்னலைக் குனிந்து பார்த்தார். "இது என் கை இல்லீங்க" என்றார்.

"நீ வந்து அளவு எடுத்தத ஊரே பாத்துச்சி."

"அளவு எடுத்தேன். வண்டிய அனுப்பலியே அவங்க. நானும் இன்னிக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னுதான் இருந்தேன்."

"செத்தவங்க எழுந்து வந்து சொல்ல மாட்டாங்கன்ற தைரியமா?" என்று ஒருவர் கேட்டார். "தேன் பூசி தைச்ச ஆளுதானே நீ!" என்று இன்னொருவர் கத்தினார்.

"தேனா?" என்றார் பாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றி நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது தனக்காகப் பேசுவார்களா என்று தேடுவது போல இருந்தது. என் முகத்தையும் பார்த்தார். செம்போடு அன்று பக்கத்தில் நின்ற பெண் என்று ஞாபகம் வந்ததோ என்னவோ, ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு கீழே பார்த்தேன்.

"இத தைச்சவங்களுக்கு வேலை தெரியாது. ஆனா பொறுமையா தைச்சிருக்காங்க. ஒரு எழை கோணல. நனைக்காம போட்டுட்டாங்க, அவ்ளோதான்" என்றார் பாய். "நம்பலன்னா ஞாயித்துக்கெழமை கடைக்கு வாங்க. நாலு வண்டி நிக்குது. என் தையல பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஜீப்பில் அப்பாவும் இன்னும் நான்கு பேரும் போகிறார்கள். தையல் பார்க்கப் போகவில்லை. பாயை இழுத்து வந்து ஊர் நடுவில் நிறுத்தித் தப்பை ஒப்புக்கொள்ள வைக்கப் போகிறார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் மலையிலிருந்து ஒரு ஜீப்பும் இனி அவர் கடைக்குப் போகாது. நாட்டார் வீட்டில் இப்போது அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்ன திட்டறதுக்கு இனிமே யாரு இருக்கா?" என்றார். அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. நான் சொன்னால் என் படிப்பு போய்விடும். அத்தை வீட்டுப் பேச்சு திரும்பவும் வரும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். நர்சம்மாவைக் கொன்றது இவள்தான் என்று ஒவ்வொருவரும் என்னைப் பார்ப்பதைத்தான் எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் ஒரு குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. நர்சம்மா அன்று வேலூரில் இருந்தார், இரவுதான் திரும்பினார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவர் அந்த வீட்டுக்குப் போனார். நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். தரையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணிடம் சொன்னார். "நான் மத்தியான பஸ்ஸுக்கே வந்திருக்கணும். என் தங்கச்சிகூட கடைத்தெருவ சுத்திக்கினு சாயங்கால பஸ்ஸுக்கு வந்தேன். அது உனக்கு தெரியணும்." அந்தப் பெண்ணின் மாமியார் வாய்க்கு வந்தபடி திட்டினார். நர்சம்மா எழுந்து போகவில்லை. அவர்கள் திட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

வரும் வழியில், "ஏங்க சொன்னீங்க? அவங்களுக்கு தெரியவே தெரியாதே" என்று கேட்டேன்.

"எனக்கு தெரியுமே மல்லி" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஏற்கெனவே வூட்ல தனியாத்தான் இருக்கேன். இதையும் கூட்டிக்கினு போய் குடித்தனம் பண்ணணுமா?" என்றார். சிரித்தார். ஆனால் முகம் வீங்கியிருந்தது.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. பெட்டியைத் தங்கை வந்து எடுத்துப் போய்விட்டார். அந்த வீட்டில் அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாரே, அதைத்தான் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். அது எனக்கு வருமா என்று தெரியாது. ஆகவே பேனா கையில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். வாய் வராவிட்டாலும் தாள் இருக்கும்.

குடை வண்டியின் மேல்துணியைத் தைத்தது காதர் பாய் இல்லை. நானும் நர்சம்மாவும்தான். நனைக்க வேண்டும் என்று பாய் சொன்னார், வேண்டாம் என்று சொன்னது நான். பாய் பேரை நர்சம்மா சொன்னது எனக்காக. ஆணி விட்டதை இரண்டு முறை பார்த்ததும், மறைத்ததும், துணி பாடுகிறது என்று அவர் சொன்னபோது பொய் சொன்னதும் நான் ஒருத்திதான். என் பெயர் மல்லிகா. ஒன்பதாம் வகுப்பு. இது என் கையெழுத்து என்று தலைமையாசிரியருக்குத் தெரியும்.

வெளியே செருப்புச் சத்தம். கதவைத் தட்டுகிறார்கள்.

"ஏ மல்லி! இன்னா இன்னும் வெளக்கு எரியுது? விடிஞ்சா ஜீப்பு. தாப்பாள தெற."

அப்பாதான். தாளை மடிக்காமல், மூட்டைக்குப் பின்னால் ஒளிக்காமல், விளக்குக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன்.